முடியாது என்று சொல்ல ஓர் அறை

நாற்பத்து நான்கு வயதுவரை "உனக்குச் சம்மதமா?" என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கோப்பிக்குச் சீனி போதுமா என்று கேட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு எந்த நிறத்தில் சேலை என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் பெரிதாக எதையும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவர் ஒரு டாக்டர். அவருக்கு நான் சொன்ன பதில், "முடியாது." அந்த ஒரு சொல்லால் என் அண்ணன் உயிர் போயிருக்கலாம். அது தெரிந்தும் சொன்னேன். அப்படிச் சொல்ல விட்ட அந்த டாக்டரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். இது என்ன கூத்து என்று தோன்றும். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இரண்டே பேர், அண்ணனும் நானும். அப்பா போய் வெகுகாலம் ஆகிறது. நான் போர்ட்டிக்சன் பக்கம் லுக்குட் என்ற சின்ன ஊரில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். அம்மா என்னோடு இருக்கிறார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. பிரேக் பேட் வாங்க வந்து பேரம் பேசும் ஆண்களோடு இருபது வருஷம் மல்லுக்கட்டினால் யாருக்கும் வாய் நீளத்தான் செய்யும்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். இங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கிற செம்பனை நாற்றங்காலுக்கு மண்டோர், ஆட்களை மேய்க்கிற வேலை. அண்ணியும் படிக்கிற பிள்ளைகள் இருவரும் அங்கேயே தோட்டத்து வீட்டில். அந்த நாற்றங்காலில் இருப்பவை விதை போட்டு முளைத்த கன்றுகள் இல்லை. நன்றாகக் காய்க்கும் ஒரு தாய்மரத்தின் இளங்குருத்தைக் கிள்ளி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் போத்தலில் வளர்த்து, ஒரே அச்சாக ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இறக்குவார்கள். கிளோன் கன்று என்று பெயர். உலகத்துக்கு அது பெரிய விஞ்ஞானமாக இருக்கலாம். அண்ணனுக்கு அது தினமும் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

ஒருநாள் பல் தேய்க்கும்போது அவர் ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தது. உடம்பில் அங்கங்கே நீலத் தடிப்பு. வெயில் சூடு என்று ஒரு வாரம் இளநீர் குடித்தார். அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. பிறகு சிரம்பானுக்குப் போய், அங்கிருந்து கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ரத்தப் புற்றுநோய். மருந்து ஏற்றி முதலில் அடக்கலாம், ஆனால் திரும்பி வரும், நிரந்தரமாகக் குணமாகவேண்டுமென்றால் ரத்தத்தை உற்பத்தி செய்கிற ஸ்டெம் செல்லையே மாற்றவேண்டும், கூடப்பிறந்தவர்களுடையது பொருந்தினால் நல்லது என்றார்கள்.

அண்ணன் விடவில்லை. "டாக்டர், செம்பனையில ஒரு குருத்துலேர்ந்து ஆயிரம் கன்னு போடுறானுங்க. என் ரத்தத்துலேர்ந்தே நல்லதா ஒன்னு செஞ்சி எனக்குப் போட முடியாதா?" என்று கேட்டார்.

சீன டாக்டர் சிரித்துவிட்டார். மலாயில் பொறுமையாகச் சொன்னார்: உன் ரத்தத்தைப் பெருக்கினால் அதிலிருக்கிற நோயும் சேர்ந்து பெருகுமே. நோயில்லாத புது ரத்தத்தை உனக்கென்று ஆய்வுக்கூடத்தில் செய்கிற வித்தையைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், இன்னும் கைக்கு வரவில்லை என்று. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் மிஸ்ஸி ஊசியோடு வந்தாள். நான் எதற்கு என்றுகூடக் கேட்காமல் கையை நீட்டினேன்.

பொருத்தச் சோதனை முடிவு வரும்வரை ஆளாளுக்கு வைத்தியம். செண்டாயானில் ஃபேக்டரியில் வேலை செய்யும் அண்ணியின் தம்பி ஒரு பெட்டி பவுடரோடு வந்தான். "அக்கா, இது ஸ்டெம் செல். ஆப்பிள்லேர்ந்து எடுத்தது. வெறும் வயித்துல ஒரு பாக்கெட். கேன்சர்லாம் ஓடிரும் லா."

"ஆப்பிள்ல எடுத்தா ஆப்பிள் மரத்துக்கு நல்லதுடா. அந்த ஆஸ்பத்திரிக்காரன்லாம் முட்டாளா?" என்று பெட்டியை அவன் கையிலேயே கொடுத்தேன். அவனைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது. அவன் ஏமாற்றுக்காரன் இல்லை, அவனே தினமும் அதைக் குடித்துக்கொண்டிருந்தான்.

பவுடர் எடுபடாமல் போனதும் அவன் இன்னொன்று சொன்னான். வெளிநாட்டில் இப்படி நோய் வந்தால், பொருந்துகிற மாதிரி ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துப் பெற்று, அதன் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பிழைக்கவைக்கிறார்களாம். அவன் அக்காவுக்கு, அதாவது அண்ணிக்கு, இன்னும் வயது இருக்கிறதே, ஒன்று பெற்றுக்கொண்டால் என்ன?

மருந்தில் மயிரெல்லாம் கொட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்தே விட்டார். "டேய், புள்ளய மருந்துக்கா பெப்பாங்க? நாளைக்கி அது வளந்து, என்னைய எதுக்குப் பெத்தேன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பதில் சொல்லுவேன்? பொறக்காத புள்ளகிட்டப் போயி எவன்டா சம்மதம் கேக்குறது?"

தோட்டத்தில் ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்ட மனிதர். எவ்வளவு சரியாகச் சொன்னார்! எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் கோப்பிக் கோப்பைகளைக் கழுவப் போனேன். கழுவிக்கொண்டிருக்கும்போது மனசில் ஒன்று குத்தியது. பிறக்காத பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்று இவருக்குத் தெரிகிறது. பிறந்து நாற்பத்து நான்கு வருஷமாக எதிரில் நிற்கிற என்னிடம்?

பொருந்திவிட்டது என்று எனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "பொருந்துதாம்மா" என்றேன். தருகிறேன் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்று. அம்மா உடனே அழுது, சாமி படத்துக்குச் சூடம் காட்டி, அண்ணிக்குப் போன் போட்டு, அரைமணி நேரத்தில் தோட்டம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை தோட்டத்து மாரியம்மன் கோவிலில் பூசை. சாமி கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நின்றேன். கோவில் தலைவர் மைக்கைப் பிடித்தார். எங்கள் ஆட்களிடம் மைக் கிடைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டுமா? "அண்ணனுக்காக உயிர்க்கொடை அளிக்கும் அன்புத் தங்கைக்கு நமது ஆலயத்தின் சார்பில்…" என்று இழுத்து, என் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்திவிட்டார். கைதட்டல். போட்டோ. பத்துப் பேர் வரிசையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒனக்கு என்னா, புள்ளயா குட்டியா? புண்ணியத்தக் கட்டிக்க" என்றார் ஒரு அக்கா. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, நான்தான் அந்தத் தேங்காய். சால்வை ஜரிகை கழுத்தில் அரித்தது. கோபத்தில் காது சுட்டது. என் ரத்தத்தை நான் கொடுப்பதற்கு முன்பே ஊர் கொடுத்து, கைதட்டி, சோறும் சாப்பிட்டு முடித்துவிட்டது.

பழைய கோபம் ஒன்றும் அதோடு சேர்ந்துகொண்டது. ஐந்தாம் படிவம் முடித்த வருஷம் எனக்குத் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அதே மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம். முன்னறையில் மாமாவும் அண்ணனும் உட்கார்ந்து பேசினார்கள். நான் பின்னால் அடுப்படியில் தேத்தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தேன். "தங்கச்சி வீட்டுல இருந்து பாத்துக்கும்" என்று அண்ணன் சொன்னது காதில் விழுந்தது. தேத்தண்ணீரைக் கொண்டுபோய் வைத்தேன். அவ்வளவுதான், என் படிப்பு முடிந்தது. அம்மா பழையபடி எழுந்து நடக்க ஆறேழு வருஷம் ஆனது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டிருந்தால் நானே சரி என்றிருப்பேன். கேட்கவில்லையே!

அடுத்த வாரம் கோலாலம்பூருக்குப் போனோம். அம்மா, அண்ணி, நான். கையெழுத்துப் போட்டு முடித்தால் போதும் என்று நினைத்துப் போனேன். ஒரு சின்ன அறையில் வேறொரு டாக்டர் இருந்தார், தமிழ்ப் பெண். அம்மாவும் அண்ணியும் என்னோடு உள்ளே நுழையப் பார்த்தார்கள். அவர் எழுந்து வந்து, சிரித்த முகத்தோடு, "நீங்கள் ரெண்டு பேரும் வெளியில இருங்கோ. இவவோட நான் தனியக் கதைக்கோணும்" என்று கதவைச் சாத்தினார்.

பேச்சிலேயே தெரிந்துவிட்டது, யாழ்ப்பாணத்து வழி. பேச்சுவாக்கில் தன் தாத்தா போர்ட்டிக்சன் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் என்றார். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. அந்தக் காலத்தில் கிராணி பெயர் கூப்பிட்டால் எங்கள் ஆட்கள் ஓடிப்போய் வரிசையில் நிற்கவேண்டும். விருப்பமா என்று எந்தக் கிராணி கேட்டான்?

அவர் முதலில் சொன்னது இது: "நான் உங்கட அண்ணாவின்ர டாக்டர் இல்லை. அவரை நான் பார்க்கிறதே இல்லை. நான் உங்களுக்காக மட்டும் இருக்கிற டாக்டர்." பிறகு எல்லாவற்றையும் விளக்கினார். ஐந்து நாள் ஊசி போடுவார்கள், எலும்பு வலிக்கும். ஸ்டெம் செல்கள் ரத்தத்தில் இறங்கி வந்ததும் ஒரு கை வழியாக எடுத்து, பிரித்து, மீதியை மறு கையில் விடுவார்கள். ஆபத்து அபூர்வம், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன் என்றார். "அண்ணாவுக்குக் கடும் மருந்து குடுத்து அவற்ற பழைய எலும்பு மச்சையை அழிச்ச பிறகு நீங்கள் மாட்டன் எண்டால் அவர் பிழைக்க மாட்டார். அதால இப்பவே கேக்கிறன். உங்களுக்கு விருப்பமோ? ஆரும் நெருக்கினவையோ?"

நான் தரையைப் பார்த்தேன். வாயைத் திறந்தால், "முடியாது டாக்டர்" என்று வந்தது.

அவர் திடுக்கிடவில்லை. புத்தி சொல்லவில்லை. அண்ணன் பாவம் என்று ஒரு வார்த்தை இல்லை. "சரி" என்றார். "வெளியில காரணம் சொல்லமாட்டம். இப்போதைக்குப் பொருத்தம் இல்லை எண்டு மட்டும் சொல்லுவம். மனம் இல்லாத ஆள் பொருத்தமான ஆள் இல்லைத்தானே? அது பொய்யும் இல்லை." மேசையில் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அந்த அறையில் நான் அழுதது துக்கத்தில் இல்லை. நாற்பத்து நான்கு வயதில் ஒருமுறை முடியாது என்று சொன்னேன், எவரும் என்னைத் திட்டவில்லை, கூரையும் இடிந்து விழவில்லை. அதில் வந்த அழுகை அது.

டாக்டர் அம்மாவிடமும் அண்ணியிடமும் அப்படியே சொன்னார்; கார் பார்க் வருவதற்குள் என் நிம்மதி போய்விட்டது. அண்ணி ஜன்னலோரம் முகத்தைத் திருப்பி அழுதுகொண்டு வந்தார். வேறு டோனர் தேடலாம், ஆனால் கிடைப்பதற்குள் நோய் முந்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். என்ன காரியம் செய்துவிட்டாயடி என்று மனசு என்னைப் பிய்த்தது. அடுத்த நிமிஷம், ஆமாம், என்னை யார் கேட்டார்கள் என்றும் அதே மனசு வீம்பு பிடித்தது. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் அப்படியே இருந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. முகக்கவசம், குளிருக்குப் போடுகிற ஜாக்கெட், தலைக்கவசத்துக்குள் ஒட்டிப்போன கன்னம். அண்ணன்! கூட்டத்துக்கே போகக்கூடாது என்று சொல்லியிருந்த ஆள், அந்த வெயிலில், அத்தனை தூரம் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அறிவிருக்கா ஒனக்கு? வழியில விழுந்து தொலைச்சா யாரு தூக்குறது?" என்று கத்தினேன்.

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஒனக்கு என்னா நோயி? உண்மையச் சொல்லு தங்கச்சி."

"எனக்கா?"

"பொருத்தம் இல்லன்னா ஒன் ஒடம்புல என்னாமோ இருக்குன்னுதான அர்த்தம்? காரணம் கேட்டா சொல்ல மாட்டேங்கிறானுங்க. எனக்கு வந்தது ஒனக்கும் வந்துருச்சா? மூனு நாளா எனக்குச் சோறு எறங்கல. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வர்ற செவ்வாக்கிழம என் அப்பாயின்மெண்ட்ட எந்தங்கச்சிக்குக் குடுத்துருங்க, மொதல்ல அதப் பாருங்க, நான் பொறவு வாரேன்னு சொன்னேன். அப்படிலாம் மாத்த முடியாதுன்னுட்டா அந்த மிஸ்ஸி. நீ கெளம்பு. இங்க கிளினிக்லயாவது பாப்போம்."

கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாகக் கிடக்கிற மனிதர், தன் முறையை எனக்குக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி முறையை பஸ் சீட் மாதிரி எழுந்து கொடுக்கலாம் என்று நினைக்க எங்கள் அண்ணனால்தான் முடியும். உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "எனக்கு ஒன்னும் இல்லண்ணே, மறுபடி டெஸ்ட் எடுக்கணும்னாங்க" என்று என்னமோ உளறினேன். கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு, அவருடைய காடியில் பின்சீட்டில் உட்காரவைத்து அண்ணனைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன். திரும்பும் வழியில் ஓரமாக நிறுத்தி அந்த டாக்டருக்குப் போன் செய்தேன்.

"குடுக்கிறேன் டாக்டர்."

"ஆரும் சொல்லித் தந்தவையோ?"

"இல்ல. இந்தத் தடவ சொல்றது நான்தான்."

"நாளைக்கும் இதே பதில்தானா எண்டு பாத்திட்டு எடுங்கோ" என்று வைத்துவிட்டார். அடக் கடவுளே, சம்மதம் சொன்னால்கூட உடனே வாங்கிக்கொள்ளாத ஒரு மனுஷியா! மறுநாள் காலை பசியாறுவதற்கு முன்னாலேயே எடுத்தேன். அதே பதில்தான்.

மாரியாத்தா கண்ணைத் திறந்துவிட்டாள் என்றார் அம்மா. திறக்கட்டும், நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஊசி போட்ட ஐந்து நாளும் இடுப்பெலும்பை யாரோ உள்ளேயிருந்து இடிப்பது போல வலி. ஆறாம் நாள் இரண்டு கையிலும் குழாய் சொருகி நாலரை மணி நேரம் மெஷினோடு படுத்திருந்தேன். மூக்கு அரித்தால் சொறிய வழியில்லை. அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து சொறிந்துவிட்டார், நாங்கள் இருவரும் அத்தனை சிரிப்புச் சிரித்தது அதுவே முதல்தடவை. கடைசியில் கிடைத்தது தக்காளி ரசம் நிறத்தில் ஒரு சின்னப் பை. இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவேதான். மூன்று வாரத்தில் அண்ணன் உடம்பு என் செல்லிலிருந்து ரத்தம் செய்ய ஆரம்பித்தது.

அவருடைய பி பிரிவு ரத்தம் என்னுடைய ஓ பிரிவாக மாறியது. தோல் முழுக்கச் சிவப்பாகத் தடித்து அரித்தபோது, புது செல்கள் பழைய உடம்போடு சண்டை போடுகின்றன என்று டாக்டர் விளக்கினார். "ஒன் ரத்தம்லா, அதான் சும்மா இருக்க மாட்டேங்குது" என்று அண்ணன் என்னைக் கிண்டல் செய்தார். அம்மா மட்டும் "தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். என் சதை ஆடத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் நானும் ஆடவேண்டும் என்று காத்திருந்தவர் அந்த டாக்டர் ஒருவர்தான். அவர் அன்றைக்குக் கதவைச் சாத்தாமல் இருந்திருந்தால், நான் கையெழுத்துப் போட்டிருப்பேன், கொடுத்திருப்பேன், அண்ணனும் பிழைத்திருப்பார். சாகும்வரை நான் அண்ணனை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு சோதனையில் அண்ணன் ரத்தத்தில் என் பங்கு குறைய ஆரம்பித்திருப்பது தெரிந்தது. பழையது தலைதூக்குகிறது. என் வெள்ளை அணுக்களைக் கொஞ்சம் மறுபடி ஏற்றினால் அடங்க வாய்ப்பு இருக்கிறதாம். இதை ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குச் சொல்வதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் தனியாக வீட்டுக்கு வந்தார். அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, இன்னொரு தடவ ஒன் ரத்தம் வேணுமாம். அம்மாகிட்டச் சொல்லல, யார்கிட்டயும் சொல்லல. ஒன்ட்டதான் மொதல்ல கேக்குறேன். தர்றியா? முடியலன்னா முடியலன்னு சொல்லு. நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன்."

என் வாழ்க்கையில் இவர் என் சம்மதம் கேட்டது இதுதான் முதல்தடவை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. இதைக் கேட்டு இவர் என் முகத்திலேயே விழிக்காமல் போனாலும் போகட்டும் என்று சொன்னேன்.

"அண்ணே, மொத தடவ பொருத்தம் இல்லன்னு சொன்னாங்கல்ல? அது பொய்யி. நான்தான் முடியாதுன்னு சொன்னேன். என்னைய யாருமே கேக்கலங்கிற கோவத்துல சொன்னேன்."

அவர் மெல்ல நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ஒனக்கு நோயி ஒன்னும் இல்லியா?"

"இல்லண்ணே. அப்பவும் இல்ல, இப்பவும் இல்ல."

"நெசமா?"

"சத்தியமா."

"அப்பாடா" என்றார். நோயை மறைத்துக்கொண்டுதான் நான் கொடுத்தேன் என்று எட்டு மாதத்துக்கு மேலாக நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார், என்னிடம் கேட்கப் பயந்துகொண்டு. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நானும் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்காக வந்தாரோ அதை மறுபடி முதலிலிருந்து கேட்டார். தருகிறேன் என்றேன்.